ஹார்மோன் ரிப்போர்ட் நார்மல். அப்புறம் எதற்கு ஹார்மோன் மாத்திரை?

கேள்வி: எனக்கு வயது 29. மாதவிலக்கு என்றாலே உயிர் போகிற வலி. ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் எல்லாமே நார்மல். இருந்தும் டயனோஜெஸ்ட் 2 மி.கி. தினமும் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். 2 மாதமாக அவ்வப்போது லேசாக ரத்தம் படுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தப் பரிசோதனை ரத்தத்தில் ஓடும் ஹார்மோனைத்தான் அளக்கும். உங்கள் சிக்கல் இருப்பது திசுவுக்குள்.

கருப்பை உட்சுவரைப் போன்ற திசு, சினைப்பையிலோ வயிற்றறையிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் என்ற நொதி, இயல்பான உட்சுவரில் கிட்டத்தட்ட இருக்காது. இந்தத் திசுவில் இருக்கிறது. ஆகவே தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனை அது தானே தயாரித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினால் வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் கூடும். புரோஸ்டாகிளாண்டின் மறுபடி அரோமடேஸைத் தூண்டும். வலி மாதாமாதம் ஏறுவதில் இந்தச் சுழலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹார்மோன் சொல்வதைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளிலும் (ரிசெப்டர்) கோளாறு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு ஏற்பிகள். கருப்பை உட்சுவரில் ஆல்ஃபா ஓங்கியிருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் பீட்டா பல மடங்கு பெருகிவிடுகிறது. கூடவே புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், முக்கியமாக பி வகை, குறைந்துபோகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்குக் கடிவாளம் போட வேண்டியது புரோஜெஸ்டிரோன். ரத்தத்தில் அது போதுமான அளவு இருந்தாலும், ஏற்பி குறைந்த செல்லில் அதன் பேச்சு அவ்வளவாக எடுபடாது.

டயனோஜெஸ்ட், புரோஜெஸ்டிரோன் ஏற்பி வழியாக வலுவாக வேலை செய்யும் மருந்து. கருமுட்டை வெளிவருவதை அடக்கி, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனையும் குறைக்கும். ஏற்பி மிகக் குறைவாக உள்ள சிலருக்குப் பலன் குறையலாம். அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

முதல் சில மாதங்களில் லேசாக ரத்தம் படுவது சகஜம், போகப்போகக் குறையும். ரத்தப்போக்கு அதிகமானாலோ மனச்சோர்வு வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். இதைக் கருத்தடை மாத்திரையாக நம்ப வேண்டாம், ஆணுறை அவசியம். குழந்தைக்குத் திட்டமிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், சிகிச்சையே மாறும். கட்டியை ஆபரேஷனில் எடுக்கலாம் என்று பேச்சு வந்தால், அதற்கு முன் ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டியோடு சேர்ந்து கருமுட்டை இருப்பும் குறையக்கூடும்.