தோட்டத்து ஸ்டீம் எஞ்சின் எங்க போச்சு? தெலுக் இந்தான் கேள்வி பதில்

தோட்டத்துல ஓடின குட்டி எஞ்சின், மலேசியாவுல பேராக் மாநில ரயில்வேயோட ஆரம்பகால எஞ்சின், இதோட கதையெல்லாம் ரெக்கார்டுல எப்படித் தேடுறதுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால லாலாங் புல்லுக்குள்ள ஒரு எஞ்சின் கிடக்கு, கம்பெனி தகடைக் காணோம். எங்க ஆரம்பிக்கிறது?

டேப்பை எடுங்க தம்பி. கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம். சக்கரத்துக்கு உள்பக்கம் அளந்தா கேஜை விட கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும். கேஜ் 600, 700 மில்லிமீட்டர் பக்கம்னா தோட்டத்து எஞ்சின், 1000னா கவர்மெண்ட் லைன் எஞ்சின். அப்புறம் சக்கரத்தோட சேர்ந்து ஓடுற இரும்புத் தண்டை மண்ணெண்ணெய் விட்டு நல்லா தொடச்சிட்டு சாக்பீஸைப் படுக்கப்போட்டு தேய்ங்க, குத்தின நம்பர் தெளிவா தெரியும், அதான் பேக்டரி நம்பர். ஒரு எடத்துல பாத்துட்டு ஓடிராதீங்க, ஒர்க்ஷாப்புல ஒரு எஞ்சின் தண்டைக் கழட்டி இன்னொண்ணுக்கு மாட்டிருவாங்க, பாய்லரையும் மாத்துவாங்க. மூணு நாலு எடத்துல ஒரே நம்பர் வந்தாத்தான் நம்பலாம். அந்த நம்பரை வச்சு பேக்டரி ஆர்டர் புக்குல தேடினா யாருக்கு, எந்தக் கேஜுல, எப்ப அனுப்பினாங்கன்னு கிடைக்கும். இங்கிலாந்து கெர் ஸ்டூவர்ட் கம்பெனி எஞ்சினா இருந்தா அங்க லீட்ஸ்ல இருந்த ஹன்ஸ்லெட் கம்பெனி பேருலயும் தேடுங்க, ஏன்னா 1930ல கெர் ஸ்டூவர்ட் மூடினப்ப ஹன்ஸ்லெட்தான் வாங்கிருச்சு.

கேள்வி: 1ஆம் நம்பர் எஞ்சின் கழிச்சாச்சுன்னு ஒரு ரிப்போர்ட், அப்புறமும் ஓடுதுன்னு இன்னொண்ணு. எது பொய்?

ரெண்டும் உண்மையா இருக்கலாம்மா. பேராக்குக்கு தனி ரயில்வே, சிலாங்கூருக்கு தனி, 1901லதான் ஒண்ணாச்சு. சிரம்பான் போர்ட் டிக்சன் லைன் 1908 வரைக்கும் தனியார் கையில. ஆளாளுக்கு ஒரு 1ஆம் நம்பர்! பெயிண்ட் நம்பரை மட்டும் நம்பினா அவ்வளவுதான், பேக்டரி நம்பரைப் பிடிங்க.

கேள்வி: தாத்தா சொல்வாரு, எங்க தோட்டத்து எஞ்சினை ஜப்பான்காரன் சயாமுக்கு கொண்டு போயிட்டான்னு. நெசமா ஐயா?

ரெண்டாம் உலகப்போர்ல சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயா எஞ்சின், பெட்டி, கிழக்குக்கரை லைன் தண்டவாளம்னு கொண்டு போனது நெசம். நம்ம தோட்டத்து சனங்களையும் ஆயிரக்கணக்குல பிடிச்சிட்டுப் போனாங்களே. ஆனா சயாம் லைன் மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர், 700 மில்லிமீட்டர் எஞ்சின் அதுல ஓடாது. தாத்தா பாத்தது டேசன்ல இருந்த கவர்மெண்ட் எஞ்சினா இருக்கலாம், எந்த எடத்துல நின்னுச்சுன்னு கேட்டுப் பாருங்க. மீட்டர் கேஜ்னா போருக்கு முந்தின எஞ்சின் லிஸ்டையும் பிந்தின லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும்.

கேள்வி: ரெக்கார்டுல 'விற்கப்பட்டது'ன்னு இருக்கு. பெசி புரூக்குக்கு, அதான் பழைய இரும்புக்கு, போயிருச்சுன்னு அர்த்தமா?

அவசரப்படாதீங்க லா. சர்வீஸ்லருந்து எடுக்கிறது வேற, விக்கிறது வேற, உடைக்கிறது வேற. வித்ததை வாங்கினவன் ஓட்டியும் இருப்பான். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பரையெல்லாம் நெட்டுல போட்டிருக்கு, டெண்டர் விளம்பரத்தைத் தேடுங்க. தெலுக் இந்தான்னு தட்டினா பழைய விளம்பரம் வராது, 1982 வரைக்கும் தெலுக் ஆன்சன்தானே. கோலா செப்பத்தாங்கும் அப்படித்தான், போர்ட் வெல்டுன்னு போடணும், 1885ல தைப்பிங்லருந்து மொத ரயில் போன ஊரு.

கேள்வி: மேனேஜ்மெண்ட் அந்த இரும்பை விக்கப் போறாங்களாம், என்ன பண்றது?

லாரி வர்றதுக்கு முந்தி குத்தின நம்பர் எல்லாத்தையும் கிட்டக்க போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ரூலர் வச்சு. யாரு வாங்குறாங்கன்னும் ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டு எழுதி வைங்க.