சுருங்கிப்போன நகரங்களில் சனத்தொகை மீண்டும் பெருகும்போது, போனவர்கள்தான் திரும்பி வருகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. எண்ணிக்கை திரும்பி வருகிறது, ஆட்கள் வேறு. கேள்வியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஊரில் பூட்டிய வீடு ஒன்றை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் இந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

இவ்விடயத்தில் அதிகம் பேசப்படுவது ஜேர்மனியின் லைப்சிக் நகரம். 1933ஆம் ஆண்டில் அங்கே 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். போர், அதன்பின் கிழக்கு ஜேர்மனிய ஆட்சிக்காலம், 1989க்குப் பிறகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டமை எல்லாம் சேர்ந்து, 1998இல் அத்தொகை ஏறத்தாழ 4,37,000 ஆக இறங்கியது. பல்லாயிரக்கணக்கான வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 2019இலோ அது மீண்டும் 6 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்றத்தில் ஒரு பகுதி 1999, 2000ஆம் ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிராமங்களை நகர எல்லைக்குள் சேர்த்துக்கொண்டதால் வந்தது என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எந்த நகரம் ‘மீண்டும் வளர்ந்தது’ என்று படித்தாலும், அதன் எல்லை இடையில் மாறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைக் கழித்த பின்னரும் அங்கே மெய்யான வளர்ச்சி உண்டு. வாடகை குறைவாக இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது, போர்ஷே, பிஎம்டபிள்யூ நிறுவனங்களின் வாகன ஆலைகளும், விமான நிலையத்தையொட்டிப் பெரிய பொதி அனுப்பு மையமும் வந்தன. மேற்கே போய்க் குடியேறியவர்களில் சிலர் திரும்பியிருக்கலாம். ஆனால் நகரத்தை நிரப்பியவர்கள் பிற ஊர்களிலிருந்து வந்த இளைஞர்களும், பின்னர் அகதிகளாக வந்த குடும்பங்களுமே.

இலண்டனின் கதையும் அதுவே. 1939இல் 86 இலட்சமாக இருந்த அதன் சனத்தொகை 1980களில் 68 இலட்சத்துக்கும் கீழே போய், 2015 அளவில்தான் பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்போது அங்கு வாழ்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். டெட்ராய்ட் 1950இல் 18 இலட்சத்துக்கு மேல் இருந்து 2020இல் 6,39,000 ஆகிவிட்டது. அண்மைய சிறு ஏற்றத்தை வைத்து அதை மீட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் ஊர். மட்டக்களப்பு மாவட்டத்தில் 1981இல் சுமார் 3,30,000 பேர் இருந்தார்கள். 1991இல் நாட்டிலேயே குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் நடந்தது இங்கே முழுமை பெறவில்லை. ஆக, 1990இன் இடப்பெயர்வு, முகாம்கள், வெளிநாட்டுப் பயணங்கள், 2004 ஆழிப்பேரலை ஆகிய அனைத்தும் இரண்டு முழுமையான கணக்கெடுப்புகளுக்கு இடையிலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டன. 2012இல் வந்த எண் 5,26,000க்குச் சற்று மேல். இவ்விரண்டு எண்களை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு மாவட்டம் தங்குதடையின்றி வளர்ந்தது போலவே தெரியும். நடுவில் விழுந்த பள்ளம் எந்த அட்டவணையிலும் இல்லை.

2012 மார்ச்சில் கல்லடிப் பக்கம் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருவன். ஓர் ஒழுங்கையில் வலப்புறம் கல்மதில் கட்டிய பெரிய வளவு. படலையில் துருப்பிடித்த பூட்டு, கிணற்றின் மேல் தகரம், முற்றத்தில் முழங்கால் அளவு புல். பக்கத்து வீட்டு அம்மா, “அவங்க கனடாவில தம்பி, கோயில் திருவிழாவுக்கு வருவாங்க” என்றார். வழக்கமாக வசிப்போர் எவரும் இல்லை என்றே நான் பதிய வேண்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில், முன்னர் ஒரே குடும்பம் இருந்த இடத்தில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. மூன்றும் வாவிக்கு மேற்கேயுள்ள கிராமப்புறமான படுவான்கரையிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவை. ஒழுங்கையின் மொத்தத் தொகை போருக்கு முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது. எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த குடும்பங்களோ மிகச் சிலவே. கரையோர நாவலடியில் ஆழிப்பேரலைக்குத் தப்பியவர்கள் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் போனதும் வந்ததும் ஒரே மாவட்டத்துக்குள் என்பதால், மாவட்டத் தொகையில் அந்த நகர்வுக்கும் அடையாளம் இல்லை.

ஆலை மூடப்பட்ட ஐரோப்பிய நகரத்தையும் போர் பட்ட ஊரையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். காரணங்கள் ஒன்றல்ல என்பதை நான் மறுக்கவில்லை. நான் ஒப்பிடுவது பிந்திய பாதியை மட்டும்தான்: வெறுமையான வீட்டில் யார் வந்து குடியேறுகிறார், அவரை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை. வெளிநாடு போனவர்கள் மீது எனக்குக் கோபம் என்றும் எண்ண வேண்டாம். உயிரைக் காத்துக்கொள்ளப் போனார்கள், என் உடன்பிறந்தவர்களும் அப்படியே.

என் கோபம் வேறு இடத்தில். நான் சொன்ன மூன்று குடும்பங்களில் ஒன்றின் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க, நடந்து போகும் தூரத்திலிருந்த பாடசாலைக்குத் தந்தையுடன் நானும் போனேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் சொந்த ஊரில், கையில் இருந்தது வெறும் வாடகை ஒப்பந்தம். பாடசாலைக்கு அருகில் வசிப்பதற்குத் தரும் வதிவிடப் புள்ளிகள் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஆள் வசிக்காத வீட்டின் உறுதிப் பத்திரத்துக்கு இருக்கும் மதிப்பு, அன்றாடம் அந்தத் தெருவில் நடந்து திரியும் பிள்ளைக்கு இல்லை. வந்தவர்களை இப்படி நடத்தினால் அவர்கள் எப்படித் தங்குவார்கள்?

லைப்சிக்கில் 2004 அளவில் ‘காவல் வீடுகள்’ என்றொரு முறையைத் தொடங்கினார்கள். ஆளில்லாத பழைய கட்டடத்தை உரிமையாளர் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு விட்டுக்கொடுப்பார். குடியிருப்பவர் வாடகை தருவதில்லை, நாளாந்தச் செலவுகளை ஏற்று, வீடு பழுதாகாமல் பார்த்துக்கொள்வார். அதைப் படித்த பின், என் அண்ணரின் வீட்டுக்கும் அதே வழியைக் கேட்டேன். அவர் வெளிநாட்டிலிருந்து, தன் சார்பில் நான் கையொப்பமிடுவதற்கான அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். சட்டத்தரணி மூலம் தவணை குறித்த ஒப்பந்தம் எழுதி, வாகரையிலிருந்து வந்த ஓர் ஆசிரியைக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். கூரை ஓடு மாற்றுவதும் கிணறு இறைப்பதும் அவர்கள் பொறுப்பு, மின்கட்டணமும் அவர்களுடையது. உங்கள் வீடு எங்கே இருந்தாலும், கல்முனையோ காரைதீவோ, இதைச் செய்யலாம். குடியிருப்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியிலேயே பதிவதற்கு உங்கள் சம்மதத்தையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் பலர் மறுப்பது இதைத்தான், தவணை தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் இருப்பதால் எங்கள் அண்ணர் மறுக்கவில்லை.