கூண்டுக்குள் மழைக்காலம்: பச்சோந்தி வளர்ப்போர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் நோசி பே வகையைச் சேர்ந்த ஆண் பாந்தர் பச்சோந்தி ஒன்று இருக்கிறது. இரண்டு வயதாகிறது, இங்கேயே ஒரு வளர்ப்பாளரிடம் பிறந்தது. ஆண்டு முழுவதும் 12 மணி நேரம் விளக்கு எரிகிறது. பழக்கமான ஒருவர், “மடகாஸ்கரில் ஜூன் மாதம்தான் வறட்சிக்காலம், அப்போது வெளிச்சத்தை 8 மணி நேரமாகக் குறைத்து, மூன்று மாதம் தண்ணீரையும் ஏறத்தாழ நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஆயுள் குறையும்” என்கிறார். தற்போது இங்கே கடுங்குளிர். ஹீட்டர் ஓடுவதால் அறையின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை என்பதால், கூண்டின் நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரவு முழுவதும் ஃபாகரை (நீரைப் பனிமூட்டம் போல வெளிவிடும் கருவி) ஓடவிடுகிறோம். இரவிலும் கூண்டுக்குள் 24 டிகிரி இருக்கிறது. சில நாட்களாக அது வாயைச் சற்றுத் திறந்தபடி, தலையை மேலே தூக்கியே தூங்குகிறது. எந்தப் பருவத்தை நாங்கள் பின்பற்ற வேண்டும்?
வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். விளக்குக்கு அடியில் வெயில் காயும் கிளையில் பகலில் வாயைத் திறந்திருந்தால், உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று விட்டுவிடலாம். இரவில், விளக்கு அணைந்த பிறகும் வாய் திறந்து, தலையை நிமிர்த்தி வைத்திருப்பது மூச்சுத்தொற்றின் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சில் ‘டிக்’ என்ற ஒலி கேட்கிறதா, வாயோரத்தில் கோழை தெரிகிறதா என்று பாருங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டு செல்லுங்கள். அதுவரை ஃபாகரை நிறுத்திவைத்து, காலையில் இலைகளில் நீர் தெளிப்பதை மட்டும் தொடருங்கள்.

இனிப் பருவத்துக்கு வருவோம். நோசி பே, மடகாஸ்கரின் வடமேற்குக் கரையோரத் தீவு. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 13 பாகை தெற்கே இருக்கிறது. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்: டிசம்பரில் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஜூனில் பதினொன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எட்டு மணி நேரப் பகல் என்பது அந்தத் தீவுக்குத் தெரியாத ஒன்று. ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவான பகல் உங்கள் டொரண்டோவின் டிசம்பருக்குத்தான் சொந்தம். ஆகவே, உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை மடகாஸ்கரின் பெயரால் கனடாவின் குளிர்காலத்தைக் கூண்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறது.

தண்ணீரை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. நோசி பேயில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மழை கொட்டுகிறது. மே முதல் அக்டோபர் வரை குறைகிறது. அந்தக் குறைவான மாதங்களிலும் கடலோரக் காற்று இரவில் குளிர்ந்து, விடியலில் இலைகளின் மேல் பனித்துளி நிற்கும். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இலை நுனியில் ஒளியைப் பிடித்து மின்னும் துளியைத்தான் கண்டுகொண்டு நாக்கால் எடுக்கும். வறட்சிக்காலம் என்றால் அதற்குப் பொருள் பகல் மழை இல்லை என்பதே தவிர, விடியற்காலைத் துளியும் இல்லை என்பதன்று. கூண்டில் மழையைக் குறைக்கலாம், பனியைக் குறைக்கக் கூடாது.

பருவ மாற்றம் பச்சோந்திகளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே மடகாஸ்கரின் தென்மேற்கு வறள்காட்டில் லபோர்டு பச்சோந்தி என்ற இனம் இருக்கிறது. நவம்பரில் முதல் மழை விழும்போது அத்தனை குஞ்சுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்து, ஜனவரிக்குள் பருவமடைந்து, முட்டையிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் ஒரு தலைமுறை முழுவதும் இறந்துவிடும். ஆண்டின் எஞ்சிய எட்டு ஒன்பது மாதங்கள் அந்த இனம் மண்ணுக்கடியில் முட்டையாக மட்டுமே வாழ்கிறது. 2008ஆம் ஆண்டில் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தபோது விலங்கியலாளர்களே வியந்தார்கள். பாந்தர் பச்சோந்தி அவ்வளவு தூரம் பருவத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் முட்டைகள் கருவளர்ச்சி தொடர ஒரு குளிர்ச்சிக் காலத்தை எதிர்பார்ப்பதுண்டு; இனப்பெருக்கம் செய்வோர் அதற்காகவே முட்டைகளைச் சில வாரங்கள் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பிறகு வெப்பம் கூட்டுவார்கள். உங்களிடம் இருப்பதோ தனியாக வளரும் ஓர் ஆண். அதற்கு ஆண்டுச் சுழற்சி நல்லது. நாள் சுழற்சி இன்றியமையாதது. பகலில் வெப்பமும் உலர்வும், இரவில் குளிர்ச்சியும் ஈரமும் என்ற இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்காக அமையாத கூண்டில் ஜூன், டிசம்பர் என்று மாதக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

உங்கள் வீட்டில் தவறியிருப்பது இந்த நாள் சுழற்சிதான். வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் சுமார் 2.4 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது, அதனால் 19 கிராமுக்கு மேல் ஏந்த முடியும் என்பதால், ஈரப்பதமானி 12 விழுக்காடு என்று காட்டுகிறது. உங்கள் அறை 20 விழுக்காட்டில் நிற்பது சமையலாலும் குளியலாலும்தான். இந்தக் காற்றை 24 டிகிரியில் வைத்துக்கொண்டு 80 விழுக்காடு ஈரமாக்க வேண்டுமானால் கன மீட்டருக்கு 17 கிராம் நீராவி வேண்டும். 18 டிகிரியில் 12 கிராம் போதும். கூண்டைக் குளிர வைத்தாலே ஃபாகரின் வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

நோசி பேயின் மழைக்கால இரவும் 23, 24 டிகிரியில் ஈரமாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே மரக்கிளையைக் கடற்காற்று இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்கிறது. காலை வெயில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் உலர்த்திவிடுகிறது. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் சுற்றிய கூண்டில் காற்று நகர வழியில்லை. அத்துடன், ஃபாகர் வெளிவிடுவது ஆவியன்று, நுண்துளி. அதன் தொட்டியில் வளர்ந்த பாக்டீரியா எதுவானாலும் அந்தத் துளியோடு நேராக நுரையீரலுக்குப் போகிறது. தொட்டியை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு தட்டினால் எத்தனை நாட்களாக அது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஃபாகருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு இப்படிச் செய்யலாம். கூண்டை ஹீட்டர் காற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, மற்ற மூன்று பக்கமும் இருக்கட்டும். இரவில் அந்த அறையின் ஹீட்டரைத் தணித்து, கூண்டுக்குள் 18 டிகிரிக்கு இறங்குகிறதா என்று கிளை மட்டத்தில் வெப்பமானி கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு, வெப்பம் இறங்கிய பின்னர், விடியும் வரை சிறு சிறு இடைவெளி விட்டு ஃபாகர் ஓடினால் போதும். விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம் நீர் தெளியுங்கள். பகலில் இலைகள் முழுக்க உலர வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இறங்கினால் கவலைப்படாதீர்கள். உள்ளே மணி பிளான்ட்டும் செம்பருத்தியும் அடர்த்தியாக இருந்தால் அவையே கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் போதுகிறதா என்பதைக் கருவியைவிட எச்சம் தெளிவாகச் சொல்லும்: அதன் சுண்ணாம்புப் பகுதி வெள்ளையாக இருந்தால் போதுகிறது, முழுக்க ஆரஞ்சு நிறமாக, காய்ந்து பொடியாக இருந்தால் போதவில்லை.

எந்தப் பருவத்தைப் பின்பற்றுவது என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் வீட்டின் பருவத்தை என்பதே. கனடாவில் முட்டையிலிருந்து வெளிவந்த பிராணிக்கு மடகாஸ்கர் நாட்காட்டி எதற்கு? காட்டிலிருந்து பிடித்து வந்த வளர்ந்த பிராணி என்றால் முதல் ஆண்டு அதன் பழைய கணக்கை மதிப்பதில் பொருள் உண்டு. உங்களுக்கோ குளிர்காலத்தில் 17, 18 டிகிரி இரவு செலவில்லாமல் கிடைக்கிறது. அதையே ஜூலையில் உண்டாக்க ஏசி ஓட்ட வேண்டும். ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை அதன் வறட்சிக்காலமாக இருக்கட்டும்: 11 அல்லது பதினொன்றரை மணி நேர வெளிச்சம், வெயில் காயும் கிளையில் 28 டிகிரி, உணவு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை. ஏப்ரலிலிருந்து வாரத்துக்குக் கால் மணி நேரமாக வெளிச்சத்தைக் கூட்டி 13 மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். கிளையில் 31 டிகிரி. வாரத்தில் இரண்டு மூன்று பிற்பகல்களில், பத்து நிமிடம் விடாமல் மழை போல நீர் பொழியுங்கள், பிறகு உலரவிடுங்கள். புற ஊதா விளக்கை மட்டும் பருவத்துக்காக மாற்ற வேண்டாம். கிளை மட்டத்தில் புற ஊதாக் குறியீடு (UVI) 3 அளவில் இருக்கட்டும், இலை நிழலில் ஏறக்குறைய சுழியாகட்டும். பாந்தர் பச்சோந்திகள் உணவில் கிடைக்கும் வைட்டமின் டி3 அளவைப் பொறுத்துப் புற ஊதா ஒளியில் இருக்கும் நேரத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்வதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் செய்ய வேண்டியது வெயிலையும் நிழலையும் வைத்துக் கொடுப்பது மட்டும்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஜூன் மாதத்தில் உங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். டைமர் விளக்கை அணைத்தாலும் பச்சோந்தி அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். தடித்த திரை போடுங்கள். கூடத்துத் தொலைக்காட்சிக்கும் அதே விதிதான்.

கேள்வி: எங்களிடம் உள்ளது ஏமன் நாட்டு வெய்ல்ட் பச்சோந்தி, பெண். ஆண் துணை இல்லாமலேயே சென்ற கோடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முட்டைகள் இட்டு மிகவும் மெலிந்துவிட்டது. குளிர்காலச் சூழலை உண்டாக்கி இதைத் தடுக்க முடியுமா?
வாசகர், பாரிஸ்

பதில்: முற்றிலும் தடுக்க முடியும் என்று உறுதி தர முடியாது, எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஏமன் மலைப்பகுதிகளில் மழை வசந்தத்திலும் கோடையின் பிற்பகுதியிலும் பெய்கிறது. மழைக்குப் பின் பூச்சிகள் பெருகுகின்றன. அந்த நிறைவைப் பார்த்துத்தான் பெண் பச்சோந்தியின் உடம்பு முட்டைகளை உருவாக்குகிறது. வீட்டில் ஆண்டு முழுவதும் தினமும் வயிறு நிறையச் சிள்வண்டுகளும் 32 டிகிரி வெயிலும் கொடுத்தால், அதன் உடம்புக்கு அது முடிவில்லாத மழைக்காலம். ஆகவே வளர்ந்த பெண்ணுக்கு வெயில் காயும் கிளையை 26, 27 டிகிரியில் நிறுத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சிகள் மட்டும் கொடுக்கும் முறை அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடையே நிலைபெற்றிருக்கிறது. இப்போது மெலிந்திருப்பதால் முதலில் உடம்பைத் தேற்றுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து எழுதிக்கொண்டு, எடை நிலைபெற்ற பிறகே குறையுங்கள். வெளிச்சத்தைக் குறைப்பதால் மட்டும் பயன் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கினாலும் இந்த இனம் தாங்கும்.

எவ்வளவு குறைத்தாலும், ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி கூண்டுக்குள் எப்போதும் இருக்க வேண்டும். தோண்ட இடம் கிடைக்காத பெண் முட்டைகளை அடக்கிவைத்துக்கொண்டு, அதனாலேயே இறந்துபோகக்கூடும். தரையில் இறங்கி அலையத் தொடங்கினால் கூண்டை ஒரு துணியால் மறைத்துவிடுங்கள். யாரேனும் பார்ப்பதாகத் தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடும்.

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பில் பச்சோந்தி ஒன்றைப் பிள்ளைகள் பிடித்து வந்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலும் மழையும் இயல்பாகவே கிடைப்பதால், விளக்கும் கருவியும் இல்லாமல் மரத்தடியில் வலைக்கூண்டு வைத்து வளர்க்கலாமா?
வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: வளர்க்கக் கூடாது. அது நம் நாட்டுப் பச்சோந்தி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களை முறையாக வாங்கி வளர்ப்போரும், சட்டப் பட்டியலில் உள்ள இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தோப்பில் பிடித்ததற்கு அந்த வழியும் இல்லை. வெயிலும் மழையும் சரியாகவே இருந்தாலும், வலைக்கூண்டுக்குள் அது வேண்டும்போது நிழலுக்கோ ஈரத்துக்கோ நகர முடியாது. சித்திரை வெயிலில் ஒரு நண்பகலே அதற்குப் போதும். பிடித்த அதே தோப்பில், அதே புதருக்குப் பக்கத்தில், வெயில் ஏறுவதற்கு முன் இன்றோ நாளையோ காலையில் விட்டுவிடுங்கள். அதற்கு நஞ்சு இல்லை. வாலைப் பிடித்து இழுக்காமல், ஒரு குச்சியை முன்னே நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும்.