குடியை விட்டபிறகு தீராத வலி: மாத்திரைச் செலவை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டது: குடியை விட்டு இரண்டு வருஷம், இடுப்பிலிருந்து கால் வரை நரம்பு வலி, மாதம் 3,000 ரூபாய் மாத்திரைக்கே போகிறது, நிறுத்திவிடலாமா?

உடனே நிறுத்தாதீர்கள். அதில் பிரிகாபலின் (நரம்பு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை) இருந்தால் திடீரென விடுவது ஆபத்து, தூக்கம் கெடும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எனக்குக் குடி நின்று ஏழு வருஷம். மூட்டை தூக்கியதில் முதுகெலும்பில் வட்டு விலகி, உங்களுக்கு இருக்கிற அதே வலி. ஒரு தனியார் கிளினிக்கில் டிரமடாலும் பிரிகாபலினும் எழுதினார்கள். குடிநோயாளியாக இருந்தவன் என்று நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. டிரமடால் அபின் வகை, 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த மருந்து. மூன்றாவது வாரம் வலி இல்லாத நேரத்திலும் கை அந்த அட்டையைத் தேடியது. அந்தத் தேடல் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று ராத்திரியே மனைவியிடம் சொல்லி அழுதேன்.

மறுநாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய், இந்தத் தடவை குடித்த கதை முழுவதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் பழைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, ராத்திரிக்குச் சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார். நரம்பு வலிக்குக் காலங்காலமாகக் கொடுக்கிற மாத்திரை, அபின் வகை இல்லை, விலையும் ரொம்பக் குறைவு. அதாவது மறைத்தபோதுதான் எனக்குச் செலவும் அதிகமானது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்குகிறேன், நடக்கிறேன். உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், இதய நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டால் மாத்திரை இலவசம். வெளியே வாங்குவதானால் கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லி அரசுத் திட்டத்தில் விலை குறைவாக விற்கிற மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள் (முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1,000 கடை திறந்தார்கள்). முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இதற்கு நம்பியிருக்காதீர்கள், அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான்.

அப்புறம், மெடிக்கல்ஸில் கேட்டு நீங்களாகப் பாராசிட்டமாலை அள்ளிப் போடாதீர்கள். குடித்த ஈரலுக்கு எவ்வளவு தாங்கும் என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும்.

என் மாத்திரை இன்றும் மனைவியிடம்தான் இருக்கிறது, ராத்திரி ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பாள். நீங்கள் போகும்போது பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.