பல் மருத்துவ இடத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

நீட் தேர்வில் மகளின் மதிப்பெண் குறைந்ததால் நீங்கள் கலங்கியிருப்பது புரிகிறது. ஆனால், உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். கடனைக் கட்டப்போகிறவர்கள் நீங்கள். அந்த உறவினர்கள் அல்லர்.

மேலும், உங்கள் மகள் என்னிடம் பல் மருத்துவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாட்டியின் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் எலும்புச் சிமென்ட் இல்லாமல் பொருத்திய உலோகத் தண்டை எலும்பு எப்படிப் பற்றிக்கொண்டது என்றுதான் கேட்டாள். அது உலோகவியலும் பொருளறிவியலும் சேர்ந்து விடை காணும் கேள்வி. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளர்வதை முயல்களிடம் கண்ட சுவீடன் மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க், 1965இல் அதையே மனிதத் தாடையில் செய்து காட்டினார். செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதித்த அன்றைய டைட்டானியத் திருகுகளின் பரப்பு மழமழப்பானது. இன்றோ, துகள்களைப் பீய்ச்சியடித்து, அமிலத்தால் அரித்து, ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள். எலும்பு இன்னும் உறுதியாகப் பற்றுகிறது. சொரசொரப்பு மிகுந்தாலோ, ஈறோரத்தில் கிருமிகள் தங்க இடமாகிவிடும். இடுப்புத் தண்டின் மேல், எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டை பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுச் சுடரில் உருக்கித் தெளிப்பதும் உண்டு. அந்தப் பூச்சு தடித்தால் உரியும், மிக மெலிந்தால் சீக்கிரம் கரையும். தண்டு சுமார் 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால், எந்தப் பூச்சு இருந்தும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே வளரும். இவற்றையெல்லாம் அளந்து தீர்மானிக்கும் பணிக்குத்தான் அவள் மனம் போகிறது.

உயிரியலோடு கணிதமும் படித்திருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் அவளுக்குத் தடையில்லை. சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் உலோகவியல் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு உலோகவியலா என்று கேட்பவர்கள், நுண்ணோக்கியும் வேதிக் கரைசலும் நிறைந்த மேற்பரப்பு ஆய்வகம் ஒன்றையேனும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பி.இ. முடித்தவுடன் இப்படி உடலுக்குள் பொருத்தும் உள்வைப்புகளைச் செய்யும் துறையிலேயே வேலை கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. பலர் வார்ப்பாலைக்கும் வாகன உதிரிபாகத் தொழிலுக்கும்தான் போகிறார்கள். இவளுக்கு முதுகலை தேவைப்படும். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவில் ஆய்வுக்கு முயலலாம்.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் சேலத்தை முதலில் இடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய தேவை இராது.