600 வாங்கலாமா, 400 போதுமா?

கேள்வி: சார், என்கிட்ட கேனன் 200டி கேமரா, அதோட 55-250 எம்எம் லென்ஸ் இருக்கு. சீசன்ல லீவு கிடைச்சா வேடந்தாங்கல்தான். பறக்குற கூழைக்கடா ஓரளவு வருது, ஏரிக்குள்ள மரத்துல இருக்கிற கூட்டை எடுத்தா புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. சிக்மா 150-600 வாங்கலாமா, இல்ல கேனன் 100-400 ரெண்டாவது மாடலை செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாமா? லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல 2எக்ஸ் கன்வர்ட்டர் போட்டா 250, 500 ஆயிடும்னு ஃப்ரெண்டு சொல்றான்.
- வாசகர், மதுராந்தகம்

பதில்: ஃப்ரெண்டு சொன்னதை முதல்ல விட்டுடுங்க தம்பி. கேனனோட கன்வர்ட்டர் 55-250ல மாட்டவே மாட்டாது, வேற கம்பெனிது எதையாவது மாட்டினாலும் 2எக்ஸ்னா ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் போயிடும், அதாவது கால்வாசிதான் மிஞ்சும், அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 5.6 இருந்தது 11 ஆயிடும், அப்புறம் ஃபோகஸ் இருட்டுல சாவி தேடுற மாதிரி முன்னயும் பின்னயும் போயிட்டிருக்கும்.

மரத்துல கூடுதான் வேணும்னா 600தான், அதுல மறுபேச்சில்ல. 250க்கு 600 போனா அதே நாரை ஃப்ரேம்ல அஞ்சரை மடங்குக்கும் மேல இடத்தை அடைக்கும், 400ல ரெண்டரை மடங்குதான். ஆனா சிக்மா 150-600ல எடை கம்மியான கன்டெம்பரரி மாடலே கிட்டத்தட்ட 2 கிலோ, உங்க கேமரா பாடி அரை கிலோகூட இல்ல, அதனால முன்பக்கமா கவுத்தும். பாடியை மட்டும் பிடிக்காதீங்க, இடது கை லென்ஸுக்கு அடியில இருக்கணும், கூட ஒரு மோனோபாட் (ஒத்தைக்கால் ஸ்டாண்டு) வாங்கிடுங்க. ஸ்டெபிலைசர் இருக்கேன்னு ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீங்க, அது உங்க கை ஆடுறதைத்தான் பாத்துக்கும், நாரை தலையைத் திருப்புறதை நிறுத்தாது. உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 1/1000 செகண்ட், பறக்குறதுக்கு 1/2000, அதுக்காக ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) ஏறுனா ஏறட்டும்.

100-400ஐ நான் ஒதுக்கல. 1.6 கிலோதான், ஒரு மீட்டர் பக்கத்துல வர்ற தட்டானைக்கூட எடுக்கலாம், சிக்மால அதுக்கு ஒம்பது அடி தள்ளி நிக்கணும். பூச்சி, பட்டாம்பூச்சினு சுத்துற ஆளா இருந்தா கண்ணை மூடிட்டு இதை வாங்கச் சொல்லிருப்பேன். நீங்க கேக்குறது கூடு, அதனால சிக்மா.

ஒண்ணு மட்டும், மத்தியானத்துல போய் நிக்காதீங்க. நான் 600 வாங்கின புதுசுல திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல உச்சி வெயில்ல ஒரு கார்டு நிறைய எடுத்தேன், எல்லாம் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி வந்துச்சு, லென்ஸ் டிஃபெக்ட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். மறுநாள் காலைல ஏழு மணிக்கு அதே லென்ஸ்ல கரண்டிவாயன் மூக்குல இருக்கிற கோடெல்லாம் எண்ணலாம் போல வந்துச்சு. அத்தனையும் கானல், சூட்டுல காத்து அலையுறது! தூரம் கூடக்கூட கானலும் கூடும், எத்தனை லட்சம் குடுத்து வாங்கினாலும் அதை எந்த லென்ஸும் சரி பண்ணாது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது என்ன பாக்கணும்?
- வாசகி, சென்னை

பதில்: பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமா பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, பேரம் பேசாம வந்துடுங்க. தூசி ரெண்டு மூணு இருந்தா பரவால்ல. உங்க கேமராவையே கொண்டு போய், ஜூமை முழுசா நீட்டி, அப்பெர்ச்சரை முழுசாத் திறந்து, தூரத்துல ஒரு போர்டை எடுத்து நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாருங்க, ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா அது கீழ விழுந்த லென்ஸா இருக்கலாம். வாங்கினப்புறம் பீரோவுல வைக்காம, காத்துப் போகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, சென்னைக் காத்துல ஒரு மழைக்காலம் போதும் பூஞ்சைக்கு.