வரிவிலக்கு மட்டும் முதலீட்டைத் தக்கவைக்குமா?

வணக்கம். வரிச்சலுகைக் காலம் முடிந்த பின்னும் சில அந்நிய நிறுவனங்கள் ஏன் தங்கிவிடுகின்றன என்பதை உங்கள் ஆய்வேட்டில் விளக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவைப் பாருங்கள். 1996இல் கணினிச் சில்லு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் ஆலைக்கு அந்நாட்டைத் தேர்ந்தெடுத்தபோது வரிவிலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் 1948இலேயே இராணுவத்தைக் கலைத்துவிட்டுக் கல்வியில் நீண்டகாலம் செலவிட்ட அந்நாடு, ஆலைக்குத் தேவையான தொழில்நுட்பர்களை உருவாக்கப் புதிய சான்றிதழ்ப் படிப்புகளையே தொடங்கியது என்பதற்கு நான் கூடுதல் எடை தருவேன். 2014இல் இன்டெலின் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் பணி ஆசியாவுக்குப் பெயர்ந்து, ஏறத்தாழ 1,500 பேர் வேலையிழந்தார்கள். இந்த இழப்பைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆயினும் பொறியியல் பிரிவு அங்கேயே நீடித்தது. மருத்துவக் கருவிகள் முதன்மை ஏற்றுமதியாக வளர்ந்தன. எனவே தொழில்திறனையும் உள்நாட்டு வழங்குநர்களின் பங்கையும் மாறிகளாக (ஆய்வில் அளவிடும் காரணிகளாக) சேர்த்து, ஏற்கெனவே உள்ள நிறுவனங்கள் அங்கேயே மறுமுதலீடு செய்த இலாபத்தைப் புதிய மூலதன வரவிலிருந்து பிரித்து அளவிடுங்கள்.